பத்துப் பேர் செத்தால்தான் கறுப்புப் புள்ளி

தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் நிரந்தரமாக அடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் உண்டு. ‘சாலையோரம் நின்றுகொண்டிருந்த லாரி மீது கார் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் பலி.’ ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். சில நாட்களில் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள். சில நாட்களில் கல்யாணத்துக்குப் போனவர்கள். நேரம் மட்டும் அநேகமாக மாறுவதில்லை. விடியற்காலை மூன்று, நாலு, நாலரை.

இதற்கு ஜோடியாகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...’ எஃப்.ஐ.ஆரில் இது இல்லாத விபத்து வழக்கை நான் பார்த்ததில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 279, 304-ஏ என்று இருந்த பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 281, 106 என்று ஆகிவிட்டன. சட்டத்தின் பெயரே மாறிவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

விபத்து நடந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உதவி ஆய்வாளர் வருவார். டேப் பிடிப்பார்கள். மகஸர் எழுதுவார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, ‘இயந்திரக் கோளாறினால் விபத்து நேரவில்லை’ என்று சான்றிதழ் கொடுப்பார். ஆக, வண்டி நிரபராதி. மிச்சம் இருப்பது இரண்டு பேர். ஒருவர் டிரைவர். இன்னொருவர் ரோடு. ரோட்டை யாரும் விசாரிப்பதில்லை. அதனால் டிரைவர் குற்றவாளி. டிரைவர் செத்துப்போயிருந்தால் இன்னும் சௌகரியம். வழக்கே முடிந்தது!

2023-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 18,347 பேர். அதற்கு முந்தைய ஆண்டு 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் இந்த இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். மரணத்தில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்தபடி. 365-ஆல் வகுத்துப் பாருங்கள், தினம் ஐம்பது பேர் வருகிறது. காலையில் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸீட் நிறைந்து கிளம்புகிற ஒரு மொஃபசல் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற அத்தனை பேரும், தினமும், ஞாயிற்றுக்கிழமை லீவுகூட இல்லாமல்.

1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்று நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்த எண்ணிக்கையை நாம் இப்போது மூன்று நாளில் எட்டிவிடுகிறோம். ராஜினாமாவை விடுங்கள். ஒரு விசாரணையாவது நடக்கிறதா? ரயில் தடம் புரண்டால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் ஆள்கூடக் கிடையாது, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறவர். தண்டவாளம் போட்டவனே தண்டவாளத்தை விசாரிக்கக் கூடாது என்கிற சாதாரண புத்தி அதில் இருக்கிறது. ரோட்டுக்கு அந்த புத்தி யாருக்கும் தோன்றவில்லை. காரணம் சுலபம். ரயிலில் நூற்று நாற்பது பேர் ஒரே இடத்தில், ஒரே ராத்திரியில் செத்தார்கள். ரோட்டில் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, வேறு வேறு தாலுகாவில் சாகிறார்கள். தாலுகா செய்திக்கு யார் ராஜினாமா செய்வார்கள்?

இதில் சின்ன ஊர்களின் கதைதான் எனக்கு முக்கியம். சென்னையில் டிராஃபிக்கே நகராததால் பாதிப் பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். வேகமாகப் போக இடம் இருக்கிற, ஆனால் வேகத்துக்குத் தயாராக இல்லாத ஊர்கள்தான் ஆபத்து.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகிற நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். பழைய நம்பர் 68, இப்போது 79. கிட்டத்தட்ட 136 கிலோமீட்டர். வழியில் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று வரிசையாகச் சின்ன ஊர்கள். கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி, ஜவ்வரிசி ஆலைகள் இருக்கிற பூமி. இந்த ரோட்டை நான்கு வழிச் சாலையாக்கினார்கள். சந்தோஷம். நடுவில் தடுப்பு, வழவழவென்று தார், சுங்கச்சாவடி, எல்லாம் வந்தன. ஆனால் ஒரு வேலை செய்தார்கள். ஊருக்கு ஊர் பைபாஸ் வருகிற இடத்தில் மட்டும் ரோட்டை இரண்டு வழியாகச் சுருக்கிவிட்டார்கள். ஒன்று இரண்டு இல்லை, எட்டு பைபாஸ்!

இதன் அர்த்தம் என்ன என்று ஸ்டியரிங் பிடித்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பிடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினைந்து, இருபது நிமிஷமாக நீங்கள் நான்கு வழிச் சாலையில் வந்துகொண்டிருக்கிறீர்கள். எதிரில் வருகிற வண்டி உங்கள் பக்கம் வரவே முடியாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. உங்கள் கண்ணும் காலும் அதற்குப் பழகிவிட்டன. முள் நூறைத் தொடுகிறது. திடீரென்று தடுப்பு முடிந்துபோகிறது. ரோடு அதே கறுப்பு, அதே வழவழப்பு, ஆனால் இப்போது எதிரே வருகிற பஸ்ஸும் இதே ரோட்டில்தான். பகலில் புரிந்துவிடும். ராத்திரி மழையில்? முன்னால் போகிற கரும்பு டிராக்டரை ஓவர்டேக் பண்ண நீங்கள் வலது பக்கம் ஏறுகிறீர்கள், அது இன்னும் ஒருவழிப் பாதை என்கிற நினைப்பில்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நீங்கள் எண்பதில் போகிறீர்கள், எதிரில் வருகிறவரும் எண்பது. இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று நெருங்குகிற வேகம் மணிக்கு 160 கி.மீ. அதாவது விநாடிக்கு 44 மீட்டர். ஓவர்டேக் முடிக்கப் பத்து விநாடி என்று வையுங்கள். எதிரில் 440 மீட்டர் காலியாக இருந்தால்தான் நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள். எதிர் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும்போது 440 மீட்டரை யாரால் அளக்க முடியும்?

நேருக்கு நேர் மோதல்கள் நடந்தன. ஒன்று நடந்தது, பத்து நடந்தது, வருஷக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தது. ‘டிரைவர் தூங்கிவிட்டார்’ என்றார்கள். ‘அதிவேகம்’ என்றார்கள். எட்டு பைபாஸிலும் எல்லா டிரைவர்களும் சொல்லிவைத்தாற்போல் வந்து தூங்கினார்களா? பிறகு, பல வருஷம் கழித்து, அந்த பைபாஸ்களை நான்கு வழியாக அகலப்படுத்துகிற வேலையை எடுத்தார்கள். அகலப்படுத்தினால் சரியாகும் என்றால் முதலில் குறுகலாகப் போட்டது தப்பு என்றுதானே அர்த்தம்? அந்தத் தப்புக்கு எந்த எஃப்.ஐ.ஆரில் யார் பெயர் இருக்கிறது? செலவு மிச்சம் என்பதைத் தவிர வேறு ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை. மிச்சம் பிடித்தது யார் வீட்டுக் கணக்கில் என்பது கள்ளக்குறிச்சி, ஆத்தூர் பக்கத்துச் சவக்கிடங்குகளுக்குத் தெரியும்.

இந்த இரண்டு வழி ரோட்டுப் பிரச்னைக்கு ஸ்வீடனில் 1998-லேயே ஒரு வழி செய்தார்கள். அகலமான ரோட்டை மூன்று தடமாகப் பிரித்து, நடுவில் இரும்புக் கம்பி வடத்தால் வேலி கட்டினார்கள். ஒரு பக்கம் இரண்டு தடம், மறுபக்கம் ஒன்று. சில கிலோமீட்டர் போனதும் மாற்றி விடுவார்கள். ஓவர்டேக் பண்ண எல்லோருக்கும் முறை வரும், எதிரே மோத வழியே கிடையாது. நிலம் அதிகம் எடுக்க வேண்டாம், மலையைக் குடைய வேண்டாம். வேலி, அவ்வளவுதான். நம் ஊரில் வயலுக்கு ஆடு வராமல் இருக்கப் போடுகிற சமாசாரம்.

அதற்கு முந்தைய வருஷம், 1997-ல், ஸ்வீடன் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. சாலை மரணம் பூஜ்யம்தான் இலக்கு என்று. அதில் எனக்குப் பிடித்த விஷயம் இலக்கு இல்லை, அதன் பின்னால் இருக்கிற யோசனை. மனுஷன் தப்பு செய்வான். அசந்துபோவான், தூங்குவான், குழந்தை அழுதால் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தப்புக்கு மரண தண்டனை கிடைக்காத மாதிரி ரோடு போடுவது ரோடு போடுகிறவனின் பொறுப்பு. நம்மூரில் இதை அப்படியே தலைகீழாக வைத்திருக்கிறோம். ரோடு எப்படி இருந்தாலும் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதானே!

சரி, அந்த விடியற்காலை லாரிக்கு வருவோம்.

லாரி ஏன் ரோட்டோரம் நிற்கிறது? பஞ்சராகி இருக்கும். டீ குடிக்க நிறுத்தியிருப்பார். அல்லது தூக்கம் கண்ணைச் சொருகியிருக்கும். தூக்கம் வந்தால் நிறுத்து என்றுதானே எல்லா போர்டிலும் எழுதியிருக்கிறோம்? நிறுத்துவதற்கு இடம் எங்கே? லாரிகள் ஒதுங்கி நிற்கத் தனி இடம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குக் கண்ணில் படவில்லை என்றால் அவர் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே அரை வண்டி, உள்ளே அரை வண்டி என்றுதான் நிறுத்துவார். பின்பக்கம் விளக்கு எரியாது. ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. எஃப்.சி.க்குப் போகிற அன்றைக்கு ஒட்டியிருப்பார்கள், அதன் மேல் ஆறு மாதத்துச் சேறு அப்பியிருக்கும். பிரேக் டவுன் ஆன வண்டிக்குப் பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் வைப்பது நம் தேசிய எச்சரிக்கைப் பலகை. வண்டி சரியானதும் லாரி போய்விடும். கல் அங்கேயே இருக்கும். அடுத்து வருகிற டூவீலர்காரனுக்கு.

பின்னால் வருகிற காரில் யார்? இரண்டு நாளாகத் தூங்காத வாடகை வண்டி டிரைவர். திருப்பதி, காளஹஸ்தி, திருவண்ணாமலை என்று ஒரே மூச்சில் சுற்றிக்காட்டிவிட்டு வருகிறார். நாம் கோயிலில் சாமி கும்பிடும்போது, ஹோட்டலில் சாப்பிடும்போது, அவர் வெயிலில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அரைத்தூக்கம் போட்டார். ‘அண்ணே, ராத்திரியே கிளம்பிட்டா காலைல வீட்டுக்குப் போயிடலாம்ல?’ என்று கேட்டவர்கள் நாம்தான். ரூம் வாடகை மிச்சம். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடம்பு தூங்கியே தீரும் என்பது டாக்டர்கள் எல்லோரும் சொல்கிற விஷயம். லோ பீமில் ஒரு கார் விளக்கு காட்டுகிற தூரம் சுமார் ஐம்பது மீட்டர். எண்பது கி.மீ. வேகத்தில், பிரேக்கை நினைத்து மிதிக்க ஒரு விநாடி, அதற்குள் 22 மீட்டர் போய்விடும். மிதித்தபின் நிற்க இன்னும் முப்பத்தைந்து. நல்ல டயர், காய்ந்த ரோடு, முழு விழிப்பு, இத்தனையும் இருந்தாலே கூட்டிப் பாருங்கள், ஐம்பதைத் தாண்டுகிறது. கண்ணில் பட்ட அந்தக் கணத்திலேயே மோதல் நிச்சயமாகிவிட்டது. அப்புறம் என்ன ‘அஜாக்கிரதை’?

இது திருத்த முடியாததும் இல்லை. மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் 2016-ல் 151 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்து நடந்த இடத்துக்கும் போய்க் காரணம் தேடி, ஓரத்தில் நிற்கிற வண்டிகளை அப்புறப்படுத்தி, தடுப்புகளைச் சரிசெய்து, நான்கைந்து வருஷத்தில் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அதே இந்திய டிரைவர்கள்தான், அதே லாரிகள்தான்.

நம் அரசாங்கத்திடமும் ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் ‘பிளாக் ஸ்பாட்’. கறுப்புப் புள்ளி. மத்திய அரசின் விளக்கம் இது: தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று வருஷத்தில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் செத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் கறுப்புப் புள்ளி. அப்போதுதான் ஃபைல் நகரும். உங்கள் ஊர் விலக்கில் நாலு விபத்து நடந்து ஒன்பது பேர் செத்திருந்தால் என்ன பண்ணுவது? காத்திருக்க வேண்டும். பத்தாவது ஆள் யார் என்று.

கறுப்புப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. வேண்டாம். அந்த விலக்கில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டால் போதும். நான் ஒரு ஊரில் அப்படி ஒருவரிடம் பேசினேன். சந்தை நாள் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை, அந்த ஒரு மணி நேரம்தான் கண்டம் என்றார். இருட்டுகிற நேரம், விளக்கு போட்டிருக்க மாட்டார்கள், சந்தையிலிருந்து பெண்கள் கூடையோடு குறுக்கே வருவார்கள், கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் விட்டு வரும். மாசத்துக்கு ஒண்ணு நிச்சயம் சார் என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவர் கடையில் ஒரு பழைய வேட்டி எப்போதும் மடித்து வைத்திருக்கிறார். மூடுவதற்கு.

அவர் மனசில் வைத்திருக்கிற கணக்கு இப்போது அரசாங்கத்திடமும் இருக்கிறது. 2021-லிருந்து ஒவ்வொரு விபத்தையும் போலீஸார் செல்போன் ஆப்பில் இடம், நேரம், வண்டி வகையோடு பதிவு செய்கிறார்கள். அதை வடிவமைத்ததிலும் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்கு உண்டு. ஆக, தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தெரிந்து என்ன செய்கிறார்கள்? பத்தாவது ஆளும் செத்த பிறகு ஊர்க்காரர்கள் மறியல் செய்வார்கள். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து ‘பேச்சுவார்த்தை’ நடத்துவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் முளைத்திருக்கும். அதற்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும், பெயின்ட் அடித்திருக்க வேண்டும், முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். நம் ஸ்பீடு பிரேக்கர் ஒரு முழம் அகலத்தில் குட்டிச்சுவர் மாதிரி இருக்கும். பெயின்ட் அடிக்க ஃபண்ட் வராது. அன்று ராத்திரியே புருஷனின் டூவீலரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையோடு வருகிற ஒரு பெண் தூக்கி எறியப்படுவாள். மந்திரி அந்த வழியாக வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரி அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மந்திரிக்கு இடுப்பு வலி வரக் கூடாது.

இன்னொன்று பேரிகேட். நகைக்கடை விளம்பரமோ ஜவுளிக்கடை விளம்பரமோ போட்ட இரும்புத் தடுப்புகளைக் கோணல்மாணலாக நிறுத்தி வைப்பார்கள். இது பாதுகாப்பாம்! நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்ட ரோட்டில், விளக்கு இல்லாத இடத்தில், இரும்புச் சட்டத்தை நிறுத்துவது பாதுகாப்பு. அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்கச் சொல்கிற அதே சட்டத்தில் மோதி ஆட்கள் விழுந்திருக்கிறார்கள்.

‘ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்ல சார். ராங் சைடுல வர்றான், ரோடு என்ன பண்ணும்?’ என்று கேட்பீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. ஒழுக்கம் இல்லைதான். ஆனால் ராங் சைடில் வருகிறவர் யார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். டி.வி.எஸ். ஃபிஃப்டியில் இரண்டு பால்கேன் கட்டிய பெரியவர். அவர் வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், மாடும் வயலும் அந்தப் பக்கம். பைபாஸ் வருவதற்கு முன்பு நேராக நடந்து போனவர். நடுவில் நீங்கள் ஒரு நெடுஞ்சாலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்புவதற்கு இடைவெளியை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி விட்டிருக்கிறீர்கள். போக ஒன்றரை, வர ஒன்றரை. காலையும் மாலையும். சர்வீஸ் ரோடு போட்டிருந்தால் அதில் போவார். சர்வீஸ் ரோடு பாதியில் ஒரு மின்கம்பத்தோடு முடிந்துவிட்டது. அடியில் சின்னதாக ஒரு சுரங்கப்பாதை கொடுத்திருந்தால் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போவார். கொடுத்தார்கள், மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். பாதசாரிகளுக்கு மேம்பாலம் கட்டுகிறார்கள், அறுபது படி. அறுபது வயசு பாட்டி ரேஷன் அரிசியோடு அறுபது படி ஏறுவாளா? அவள் தடுப்பில் கம்பி வளைந்திருக்கிற இடத்தைத்தான் தேடுவாள். எங்கே மனுஷன் நடக்கிறானோ அங்கே பாதை கொடுக்காதவனுக்கு ஒழுக்கம் பற்றிப் பேச அருகதை கிடையாது.

2022-ல் இந்தியா முழுக்க 1,68,491 பேர் செத்ததில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897. நடந்து போனவர்கள் 32,825. இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. ரோடு போடுவது காருக்கு, சாவது கார் இல்லாதவன்.

தனியார் பஸ் பற்றிச் சொல்லாவிட்டால் சேலம், ஈரோடு பக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ‘டைமிங்’ என்கிற ஒற்றை வார்த்தையில் எத்தனை உயிர் போயிருக்கிறது! ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் மூன்று நிமிஷ இடைவெளி. இரண்டு நிமிஷம் லேட்டானால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டத்தைப் பின்னால் வருகிறவன் அள்ளிவிடுவான். கலெக்‌ஷனைப் பொறுத்துத்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பேட்டா. அந்த மூன்று நிமிஷத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது ஒரு அரசு அலுவலகம். பஸ் பறக்கிறது என்று டிரைவரின் லைசென்ஸைப் பிடுங்குகிறீர்கள், பறந்தே தீர வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்த பேனாவை யார் பிடுங்குவது?

டாஸ்மாக் கதை இன்னும் ருசி. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. சரியாக மூன்று மாதம். ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று அதே நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. ஹைவேயில் ஐந்நூறு மீட்டர் தள்ளிக் குடிக்க வேண்டும், நகராட்சிக்குள் ஹைவேயை ஒட்டியே குடிக்கலாம். குடித்தவன் நகராட்சி எல்லை போர்டைத் தாண்டும்போது போதை தெளிந்துவிடும் போலிருக்கிறது.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாளில் பிடி தளர்ந்தது. 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மறுபடி கட்டாயம். 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. இதில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் 14,337. இங்கே நான் போலீஸ் கட்சிதான். ‘இங்க பக்கத்துலதான போறேன்’ என்கிற பேச்சை என்னிடம் சொல்லாதீர்கள், சின்ன ஊரில் எல்லாமே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் போலீஸ்காரர்களிடமும் ஒரு வார்த்தை. மரத்துக்குப் பின்னால் நின்று, வளைவில் திடீரென்று குறுக்கே பாய்ந்து, தப்பிக்கப் பார்ப்பவனை லத்தியோடு துரத்தி வசூல் செய்கிற ஆயிரம் ரூபாயில் ஒரு மண்டைகூடப் பிழைக்காது. அதே ஆட்களைச் சந்தை நாள் சாயங்காலம் ஆறரைக்கு அந்த விலக்கில் நிறுத்துங்கள்.

அடிபட்ட பிறகாவது? இதில் கொஞ்சம் நல்ல செய்தி இருக்கிறது. 2008-ல் 108 வந்தது. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ வந்தது, விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு முன்பு அங்கே தலையில் அடிபட்டவருக்கு முதல் சிகிச்சை ‘ரெஃபர்’ என்கிற ஒரு சீட்டுதான். சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ, போய்ச் சேர்ந்தால் சேர்ந்தார். இன்னும் பல தாலுகா ஆஸ்பத்திரிகளில் அந்தச் சீட்டு ஸ்டாக் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019 திருத்தச் சட்டத்தின்படி, உதவி செய்தவரைப் போலீஸ் கட்டாயப்படுத்திப் பெயர் கேட்க முடியாது, சாட்சிக்கு இழுக்க முடியாது. மோதிவிட்டு ஓடிப்போன வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து இழப்பீடு இரண்டு லட்சம், முன்பு இருபத்தைந்தாயிரம். வண்டி நம்பர் தெரியவில்லை, அதனால் ஒன்றும் கிடைக்காது என்று எத்தனையோ குடும்பங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் தெருவில் யாராவது இருந்தால் போய்ச் சொல்லுங்கள்.

அதே 2019 திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரோட்டை விதிப்படி வடிவமைக்காமல், கட்டாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ சம்பந்தப்பட்ட அதிகாரிக்கோ கான்ட்ராக்டருக்கோ அபராதம். எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம். ஜெயில்? கிடையாது. அதற்கு அடுத்த பிரிவு 199-ஏ. பதினெட்டு வயசு ஆகாத பையன் வண்டி ஓட்டி மாட்டினால் அப்பாவுக்கு இருபத்தைந்தாயிரம் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். பையனிடம் சாவியைக் கொடுக்கிற அப்பாவை உள்ளே போடுங்கள், ஆட்சேபணை இல்லை. எட்டு இடத்தில் ரோட்டைச் சுருக்கியவருக்கு ஒரு லட்சம் ரூபாயோடு முடிந்துவிடுகிறது என்றால், அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் காரில் பின் ஸீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் என்பது தெரிகிறது. அந்த ஒரு லட்சத்தையாவது யாரிடமாவது வசூல் செய்தார்களா?

கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். எங்கள் ஊர் எல்லையில் எந்தெந்த இடங்கள் கறுப்புப் புள்ளிகளாக அறிவிக்கப்பட்டன, எந்தத் தேதியில்? அறிவித்த பிறகு ஒவ்வொரு இடத்திலும் என்ன வேலை நடந்தது, எந்தத் தேதியில் முடிந்தது? அறிவித்த நாளுக்கும் வேலை முடிந்த நாளுக்கும் நடுவில் அதே இடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்? 198-ஏ பிரிவில் இதுவரை எத்தனை வழக்கு? பதில் தர முப்பது நாள் அவகாசம். வருகிற பதிலின் நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத ஊர்களின் பெயர்களை மட்டும் தனியாக எழுதுகிறேன்.